உடம்பின் வடிகால்

(உழவர் பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரமிடுவதைப் பற்றியோ களை எடுப்பதைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பிற்பகல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு மணி நேரம் பயிரைப் பற்றி அல்ல, பயிரிடுகிறவரின் காலைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் மருத்துவன் அல்லன், உழவியல் கற்றுக்கொடுப்பவன். என்றாலும் நம் உடம்பில் உழவியல் படித்தவன் எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் வடிகால்.

நன்செய் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரே திரண்டு போகிறது. மடைக்கு முறை வைக்கிறோம், சண்டை போடுகிறோம், மனுக் கொடுக்கிறோம். வடிகாலை யாரும் நினைப்பதில்லை. அது தூர்ந்து, காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, நட்ட பயிர் மூழ்கி, பத்து நாள் தண்ணீர் வடியாமல் நின்ற பிறகுதான் வடிகால் என்று ஒன்று இருந்தது நினைவுக்கு வருகிறது. அதற்குள் வேர் அழுகிவிடும். வயலுக்குத் தண்ணீர் வருவது எவ்வளவு முக்கியமோ, வந்த தண்ணீர் வெளியேறுவதும் அவ்வளவு முக்கியம்.

உடம்பிலும் இதே கதைதான். இரத்தக் குழாய்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இரத்த அழுத்தம், இரத்தசோகை, இதய அடைப்பு என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. வடிகாலாக இருக்கிற நிணநீர்க் குழாய்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கசிவும் வடிவும்

இதயம் தள்ளும் இரத்தம் பெரிய குழாய்களிலிருந்து சிறிய குழாய்களுக்கும், அங்கிருந்து மயிரிழையைக் காட்டிலும் மெல்லிய நுண்குழாய்களுக்கும் போகிறது. அந்த நுண்குழாய்களின் சுவர் வழியாக நீரும் சத்தும் கசிந்து தசைக்குள் இறங்குகின்றன. மண் வாய்க்காலின் கரையில் நீர் கசிந்து பக்கத்து நிலம் ஈரமாவதைப் போல. இது குறையன்று. இந்தக் கசிவு இருந்தால்தான் ஒவ்வோர் அணுவுக்கும் உணவு கிடைக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீர் இவ்வாறு கசிகிறது என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி உடனே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிஞ்சுவது ஏறத்தாழ 3 லிட்டர். நம் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதியே மொத்தம் 3 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த மிச்சம் திரும்பாமல் தசையிலேயே தங்கிவிட்டால் ஒரே நாளில் நம் கதை முடிந்துவிடும். அதை வாங்கி வடித்து, மறுபடி இரத்தத்தில் கொண்டு சேர்ப்பதுதான் நிணநீர்க் குழாய்களின் வேலை. விரல் நுனியில் தொடங்கும் சிறு குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து வருகின்றன. இரண்டு கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நீர் மார்பின் உட்புறமாக ஏறும் ஒரு பெருங்குழாயில் சேர்ந்து, இடப்பக்கம் கழுத்தின் அடியில் ஓர் இரத்தக் குழாயில் கலக்கிறது. இடது கையின் நீரும் அங்கேதான் சேருகிறது. வலது கைக்கும் தலையின் வலப்பாதிக்கும் தனி வடிகால் உண்டு.

நிணம் என்ற பழஞ்சொல்லுக்குக் கொழுப்பு என்று பொருள். இந்த நீருக்கு நிணநீர் என்று பெயரிட்டவர் நன்றாகவே பொருத்தியிருக்கிறார். நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் குடலிலிருந்து நேரே இரத்தத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி நிணநீர்க் குழாய்களின் வழியாகத்தான் போகின்றன. 1622-இல் இத்தாலி நாட்டில் அசெல்லி என்ற மருத்துவர், நன்றாகத் தின்றிருந்த நாய் ஒன்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலைச் சுற்றிப் பால் நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடுவதைக் கண்டார். கொழுப்பைச் சுமந்து செல்லும் இந்தக் குழாய்கள் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது அப்போதுதான். பட்டினி கிடந்த நாயாக இருந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்காது.

மோட்டார் இல்லாத இறைப்பு

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீரைத் தள்ள அப்படி ஒரு மோட்டார் இல்லை. காலிலிருந்து கழுத்து வரை பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டிய நீர் எப்படி ஏறுகிறது?

நிணநீர்க் குழாய்களுக்குள் சிறிய தடுக்குகள் இருக்கின்றன. மேல்நோக்கிப் போகும்போது திறக்கும். கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். கிணற்று மோட்டாரின் புட்வால்வு செய்யும் அதே வேலை. குழாயின் சுவரும் தானாகவே மெல்லச் சுருங்கி விரியும். இவற்றோடு, நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகித் தளர்கிறது அல்லவா, ஒவ்வொரு முறையும் அது குழாயைப் பிழிந்து நீரை ஒரு கட்டம் மேலே ஏற்றுகிறது. ஆழ்ந்து மூச்சு விடும்போது மார்பும் வயிறும் அசைந்து மேல்பகுதி நீரை இழுத்துக்கொள்கின்றன.

ஆகவே நடை நின்றால் வடிகால் மந்தமாகும். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்தவருக்குக் காலையில் செருப்பு இறுக்குகிறது. திண்ணையில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குப் புறங்கால் வீங்குகிறது. இப்படிப்பட்டவர்கள் மணிக்கு ஒரு தரம் எழுந்து பத்து அடி நடந்தாலும் போதும். நடக்க முடியாதவர்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். வரப்பில் நடந்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டிராக்டரும் இருசக்கர வண்டியும் வந்த பிறகு, ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தும் நடக்காத உழவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கால் வீக்கம் எல்லாமே இந்த வகையைச் சேர்ந்ததன்று. இரண்டு கால்களும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மூச்சுத் திணறலோ முகவீக்கமோ சிறுநீர்க் குறைவோ சேர்ந்திருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்த அடைப்பாக இருக்கலாம். இவற்றை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

நிணநீரைச் சுத்தம் செய்யும் டானிக், பொடி, எண்ணெய் என்று யாராவது விற்க வந்தால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நடையும் நல்ல உணவும் செய்யும் வேலையை எந்தப் புட்டியும் செய்யாது.

நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. கைவிரலில் அடிபட்டுப் புரையோடினால் அக்குளில் கட்டுகிறது. தலையில் புண்ணும் பொடுகும் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்புறம் மணி மணியாகத் தட்டுப்படுகிறது. நம் பாட்டிமார்கள் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். நெறி கட்டியிருக்கிறது என்றால், முதலில் "காலைக் காட்டு, புண் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். மிகச் சரியான கேள்வி அது.

நிணநீர் போகும் வழியில் அவரை விதை போன்ற சிறு முடிச்சுகள் இருக்கின்றன. உடம்பு முழுவதும் 500 முதல் 700 வரை இருக்கலாம். தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் கூட்டமாக இருக்கும். வடிந்து வரும் நீரை இவை சல்லடை போலச் சலிக்கின்றன. புண் வழியாக உள்ளே புகுந்த கிருமி நீரோடு வந்தால், இங்கே இருக்கும் வெள்ளணுக்கள் அதைப் பிடித்து அழிக்கின்றன. அந்தக் கிருமியை அடையாளம் கண்டு, அதை எதிர்க்கும் பொருளையும் செய்து இரத்தத்தில் விடுகின்றன. இந்த வேலை மும்முரமாக நடக்கும்போது முடிச்சு பெருத்து வலிக்கிறது. ஆகவே நெறி கட்டுவதே ஒரு நோயன்று. எல்லைக் காவல் வேலை செய்கிறது என்பதன் அடையாளம். அதைப் பிசைந்து உருவுவதும், சூடு போடுவதும், சுண்ணாம்பு தடவுவதும் தேவையற்றவை. புண்ணைக் கவனித்தால் நெறி தானே வாடும்.

ஆனால் வாடாத நெறியும் உண்டு. புண் ஏதும் இல்லாமல் கட்டியது, இரண்டு மூன்று வாரம் ஆகியும் குறையாதது, வலியே இல்லாமல் கல்லைப் போல் கெட்டியாக இருப்பது, தொட்டால் நகராதது, காறை எலும்புக்கு மேலே தோன்றியது: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தில் வரிசையாகக் கட்டுவதைக் கண்டமாலை என்று முன்னோர் சொன்னார்கள். அது பெரும்பாலும் காசநோயே. நுரையீரலில் மட்டும்தான் காசம் வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இதற்கு இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள். வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். தாய்மார்கள் அக்குளில் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் மார்பையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு ஒரு வருடம் தள்ளிப்போட்டால் சிறிய சிகிச்சையில் முடிய வேண்டியது பெரிதாகிவிடும்.

மாட்டுக்கும் இதே ஏற்பாடுதான். கலப்பினப் பசு காய்ச்சலோடு தீனி தின்னாமல் நிற்கும்போது, கால்நடை மருத்துவர் தோள்பட்டைக்கு முன்னால் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே நெறி பெருத்திருந்தால், உண்ணி பரப்பும் தைலீரியா நோயாக இருக்குமோ என்று அவர் யோசிக்கிறார்.

வடிகாலில் குடியேறிய புழு

நம் வயல் வடிகாலில் நண்டு வளை தோண்டுகிறது, ஆமை புகுகிறது. உடம்பின் வடிகாலில் புகுவது நூல் போன்ற ஒரு புழு. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். யானைக்கால் நோய் இதனால் வருகிறது. காவிரிப் படுகையில் பிறந்த பெரியவர்களுக்கு இந்த நோயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கும்பகோணம் பகுதி ஒரு காலத்தில் இதற்குப் பேர்போனதாக இருந்தது.

தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் ஐந்தாறு வருடம் உயிர் வாழ்ந்து லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கிறது. அந்த நுண்புழுக்கள் இரத்தத்தில் திரிகின்றன. 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் இவற்றைக் கண்டார். 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய மான்சன் என்பவர், கொசுவின் உடம்புக்குள் இந்தப் புழு வளர்வதைக் கண்டுபிடித்தார். மனித நோய் ஒன்றின் புழு கொசுவுக்குள் வளர்கிறது என்று தெரிய வந்தது அதுவே முதல் தடவை. மலேரியாவைப் பற்றிய செய்தி கிடைப்பதற்கு இருபது ஆண்டு முன்பே இது நடந்தது. நம் பகுதியில் நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கியிருந்து, நள்ளிரவை ஒட்டி வெளி இரத்தத்துக்கு வருகின்றன. கொசு கடிக்கும் நேரமும் அதுவே. சுகாதாரத் துறையினர் இராத்திரியில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஒரு கொசு ஒரு தடவை கடித்தால் யானைக்கால் வந்துவிடாது. மாதக்கணக்கில் பல நூறு கடிகள் பட்டால்தான் புழு குடியேறும். சிறு வயதில் உள்ளே புகும் புழு, நடுவயதில்தான் வீக்கமாக வெளிப்படுகிறது. இடைப்பட்ட இருபது வருடமும் ஆள் நன்றாகவே இருப்பார். ஆனால் அவருடைய இரத்தம் மற்றவர்களுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நெல் வயலில் தண்ணீர் நிறுத்துவதால்தான் யானைக்கால் கொசு பெருகுகிறது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. வயல் நீரில் வளரும் கொசுக்கள் வேறு. அவற்றில் சில மூளைக்காய்ச்சலைப் பரப்பும். நம் ஊர்களில் யானைக்காலைப் பரப்பும் கொசு அழுக்கு நீரைத் தேடிப் போவது. சாக்கடை, தொழுவத்துக் கழிவு நீர் தேங்கிய குழி, தென்னை மட்டை ஊறப்போட்ட குட்டை, மூடி சரியாக இல்லாத கழிவறைத் தொட்டி ஆகியவை அதன் நாற்றங்கால். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் முனையில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டிவிட்டால் அந்த வழி அடைபடும். செலவு பத்து இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது. தொழுவ நீரை எருக்குழிக்கோ தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிட்டால் கொசுவும் ஒழியும், சத்தும் வீணாகாது.

ஓர் உழவியல் நடைமுறையே இந்த நோய்க்குத் துணைபோன கதை கேரளத்தில் நடந்தது. ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைப் பகுதியில் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. அந்தக் குளங்களில் ஆகாயத்தாமரை என்னும் மிதக்கும் களையை மக்கள் வேண்டுமென்றே வளர்த்தார்கள். அதை வாரித் தென்னைக்குப் பசுந்தாள் உரமாக இட்டார்கள். உரமாக அது நல்லதுதான். ஆனால் அங்கே பரவிய யானைக்கால் வேறு வகைப் புழுவால் வருவது. அதைப் பரப்பும் கொசுவும் வேறு. அந்தக் கொசுவின் புழுக்கள் நீருக்கு மேலே வந்து மூச்சு விடுவதில்லை. ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றை உறிஞ்சி வாழ்கின்றன. களை இருந்தால் கொசு உண்டு, களை போனால் கொசு இல்லை. புதுச்சேரியில் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 1980-களில் அங்கே பணி செய்தார்கள். களையை எடு என்று வெறுமே உத்தரவு போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். களையை அகற்றிய குளத்தில் மீன் வளர்க்கலாம் என்று காட்டினார்கள். மீனில் வருமானம் கண்டவர்கள் களையை மறுபடி வரவிடவில்லை. விரிவாக்கப் பணி செய்யும் எங்களைப் போன்றவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

காலைப் பெருக்க வைப்பது சேற்றுப்புண்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். புழு வடிகாலைக் கெடுக்கிறது, உண்மைதான். ஆனால் காலை யானைக்காலாக்குவது புழு மட்டும் அன்று. கெட்டுப்போன வடிகாலில் நீர் தேங்கியிருக்கும்போது, புண் வழியாகப் புகும் சாதாரணக் கிருமிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. தேங்கிய நீரில் கிருமி செழித்து வளரும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும்; கால் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலிக்கும்; தொடை இடுக்கில் நெறி கட்டும். நாலைந்து நாள் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். பிறகு தணியும். ஆனால் ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் இன்னும் சில குழாய்கள் அழியும்; தோல் தடிக்கும். மூன்றாம் முறை, நாலாம் முறை என்று வரும்போது வீக்கம் வடியாமல் நிலைத்துவிடும்.

எங்கள் பண்ணைக்கு நடவுக்கு வரும் ஓர் அம்மாளுக்கு இந்தக் காய்ச்சல் வருடத்துக்கு நாலைந்து தடவை வரும். நடவுக் காலத்தில் வந்தால் ஒரு வாரக் கூலி போகும். கூடவே வைத்தியச் செலவு. அவருடைய காலைப் பார்த்த மருத்துவர் பெரிய மருந்து எதையும் முதலில் எழுதவில்லை. விரலிடுக்கைக் காட்டி, "இதை ஆற்றிவிட்டு வா" என்றார். விரலிடுக்கு முழுவதும் சேற்றுப்புண் வெளுத்து வெடித்துக் கிடந்தது. கிருமிக்கு அதுதான் வாசல். அந்த வாசலை மூடிய பிறகு காய்ச்சல் வருவது மிகவும் குறைந்துவிட்டது.

ஆகவே சேற்றில் இறங்குகிற ஒவ்வொருவரும், வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலைக் கழுவும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். கரையேறி வாய்க்காலில் காலை அலசிக்கொண்டு போவது கழுவுவதாகாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு, முழங்காலிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். பீர்க்கங்கூடு, செங்கல் துண்டு இவற்றால் தேய்க்க வேண்டாம். கையாலேயே தேய்த்தால் போதும். ஒவ்வொரு விரலிடுக்கையும் விலக்கி அழுக்கெடுக்க வேண்டும். பிறகு துடைப்பது. நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தத் துடைப்பதைத்தான். பழைய பருத்தித் துணியால், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். விரலிடுக்கு உலர்ந்திருந்தால் சேற்றுப்புண் பூசணத்துக்குப் பிழைப்பில்லை. நெல்லை நன்றாகக் காய வைத்துப் பத்தாயத்தில் போட்டால் பூசணம் பிடிக்காது அல்லவா, அதுவே இங்கும். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஈரத்தின் மேல் எதை வைத்தாலும் பயனில்லை. நாலைந்து நாளில் ஆறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூசணத்துக்கான களிம்பு கேட்டு வாங்குங்கள்.

குதிகால் பித்தவெடிப்பும் ஒரு வாசலே. இரவில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தால் தோல் மிருதுவாகும். மண்வெட்டி பட்ட காயத்துக்கும் கருவேல முள் குத்தியதற்கும் மண்ணையோ சாணத்தையோ அப்பாமல் சோப்பால் கழுவி, தனுர்வாத ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சேற்று வயலில் செருப்போடு இறங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். வரப்பில், களத்தில், தோட்டக்காலில், கொல்லைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாமே.

புழுவே இல்லாமல் வெறுங்காலாலேயே யானைக்கால் வரும் ஊர்களும் உலகில் இருக்கின்றன. எத்தியோப்பியாவின் மலைநாட்டில் எரிமலைப் பாறை மட்கி உண்டான செம்மண் நிலத்தில் உழுகிறவர்களுக்கு, இளம் வயதிலேயே இரண்டு கால்களும் வீங்குகின்றன. அங்கே அந்த உயரத்தில் யானைக்கால் கொசுவுக்கு இடமில்லை. 1970-களில் எர்னஸ்ட் பிரைஸ் என்ற மருத்துவர் இதை விரிவாக ஆராய்ந்தார். அந்த மண்ணின் மிக நுண்ணிய துகள்கள் வெறுங்காலின் தோல் வழியே புகுந்து நிணநீர்க் குழாய்களைப் புண்ணாக்குகின்றன என்று கருதுகிறார்கள். குடும்ப வாகும் இதில் சேர்ந்திருக்கிறது. நம் சமவெளிச் செம்மண் பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறையிலிருந்து வந்தது. அதைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அங்கே அவர்கள் கண்ட மருந்து என்ன தெரியுமா? செருப்பும், சோப்பும், தண்ணீரும். சிறு வயதிலிருந்து காலணி போட்டுக் கால் கழுவி வந்தவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை.

மாத்திரையும் மறைப்பும்

இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை அழிக்க டி.இ.சி. என்ற மாத்திரை இருக்கிறது. சுகாதாரத் துறையினர் இதை அல்பெண்டசோல் மாத்திரையோடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை ஊர் முழுவதற்கும் கொடுக்கும் முறை, உலக அளவில் 2000-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாகப் பல நாடுகளில் நடந்துவருகிறது. இலங்கையில் இந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. நம் நாடு 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

உங்கள் ஊரில் மாத்திரை கொடுக்க வந்தால், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று வாங்கிப் பரணில் போடாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கொடுப்பவர் முன்னிலையிலேயே விழுங்குங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. சிலருக்கு அன்று லேசான காய்ச்சல், தலைச்சுற்றல் வரலாம். உள்ளே புழு இருந்து சாவதால் வருவது அது. ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ஓதம் எனப்படும் விரைவீக்கமும் இந்தப் புழுவால் வரக்கூடியதே. வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு பத்து வருடம் மறைத்துத் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள் ஏற முடியாமல், ஏர் பிடிக்க முடியாமல், மனைவியிடம்கூடச் சொல்லாமல் கஷ்டப்படுகிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் சிறிய அறுவை சிகிச்சையில் தீர்ந்துபோகிற விஷயம் இது. சிறுநீர் பால் போல் வெளுத்துப் போவதும் இதே வகை. குடலின் கொழுப்பு நிணநீர் வழி தவறிச் சிறுநீரில் கலப்பதால் அப்படி ஆகிறது. அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் தினமும் இரண்டு வேளை மேலே சொன்னபடி கழுவித் துடைக்க வேண்டும். தோல் மடிப்புகளையும் விலக்கிக் கழுவ வேண்டும். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் முக்காலியின் மேல் நீட்டிக்கொள்ளுங்கள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திப் படுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, சுழற்றுவது ஆகிய பயிற்சிகளை ஒரு நாளில் பல தடவை செய்யலாம்.

காய்ச்சல் கண்டு கால் சிவந்திருக்கும் நாட்களில் மட்டும் இந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். படுத்து, காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஒத்தடம் கொடுப்பது, கொப்புளத்தைக் கீறுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது எதுவும் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கிருமியைக் கொல்லும் மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாமல், கொடுத்த மாத்திரை முழுவதையும் சாப்பிட வேண்டும். மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் அவருக்கு உதவியாக இருக்கும்.

இதில் ஏதேனும் ஐயம் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதை வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு எழுதுகிறேன்.